கொலை வன்னியில் நடக்கட்டும்: வரலாற்று நாவல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வரலாற்று நாவல் எழுதுகிறவர்களுக்கும், எழுத நினைத்துக் குறிப்பெடுத்து வைத்திருக்கிறவர்களுக்கும், அவற்றை அச்சிடுகிறவர்களுக்கும் வணக்கம்.

இலங்கையின் வடக்கே, வன்னிப் பெருநிலத்தில், முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு சின்னப் பொது நூலகத்தில் வேலை செய்கிறேன். புத்தகம் கொடுப்பது, வாங்குவது, பதிவது, கரையான் தட்டுவது எல்லாம் நான்தான். எங்களிடம் அதிகம் கைமாறுகிறவை துப்பறியும் நாவல்கள். எடுத்துப் போகிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அருவி வெட்டு முடிந்து வயல் ஓய்ந்த மாதங்களில் ஒரு புத்தகம் அலுமாரிக்குத் திரும்பாமலே நாலைந்து வீடு சுற்றி வரும். யாரிடம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது, ஆனால் தொலையாது. வரலாற்று நாவல் தட்டில் அந்தக் கவலை இல்லை. தடித்த அட்டை, குதிரை, கொடி, வாள். முக்கால்வாசி அன்பளிப்பாக வந்தவை, வந்தபடியே இருக்கின்றன.

இந்த இரண்டு தட்டுகளையும் தினமும் பார்க்கிறவளுக்கு வந்த ஆசைதான் இந்த மடல். வன்னியில் நடக்கும் ஒரு வரலாற்றுத் துப்பறியும் நாவல் வேண்டும். துப்பறிகிறவள் பெண்ணாக இருக்க வேண்டும். வாயைத் திறக்காதே என்று ஊர் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும், அவள் திறந்திருக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் இந்த வகை மலிந்து கிடக்கிறது. விக்டோரியா ராணி காலத்து லண்டன், முதலாம் உலகப்போர் முடிந்த இங்கிலாந்து, வெள்ளைக்காரர் ஆண்ட பம்பாய் என்று ஏதோ ஒரு காலம், ஏதோ ஒரு ஊர். பெண்ணுக்கு அனுமதியில்லாத ஒரு வாசல், அதைத் தள்ளிக்கொண்டு போகும் ஒருத்தி. நல்லவையும் உண்டு, ஒரே அச்சில் வார்த்தவையும் உண்டு. நல்லவற்றில் ஒரு சூட்சுமம் பிடிபடும். பெண் என்பதால் அவளுக்கு எத்தனையோ கதவு அடைத்திருக்கும், பெண் என்பதாலேயே அவளுக்கு மட்டும் திறக்கிற கதவும் ஒன்றிரண்டு இருக்கும். இது வெறும் கற்பனையும் இல்லை. ஒக்ஸ்போர்ட்டில் 1892இல் சட்டப் பரீட்சை எழுதிய கொர்னீலியா சொராப்ஜி, 1904இலிருந்து வங்காளத்தில், கோஷாவுக்குள் இருந்த விதவைகளுக்கும் ஜமீன் வீட்டுப் பெண்களுக்கும் சட்ட உதவி செய்யும் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தார். ஆண் வக்கீல் வாசலோடு நிற்க வேண்டிய வீட்டுக்குள் அவர் நேரே போய் உட்கார்ந்து கதைத்தார். அதே ஆளை வழக்கறிஞர் என்று பதிந்துகொள்ள, 1923இல் சட்டம் மாறும் வரை, அங்கே யாருக்கும் மனம் வரவில்லை.

சரி, அந்த அச்சை அப்படியே தூக்கி வந்து முல்லைத்தீவில் இறக்கிவிடலாமா என்றால், வேண்டாம். அங்கேதான் என் முதல் பயம்.

லண்டன் கதையில் தனியே வெளியே போவதே ஒரு மீறல். குதிரை ஏறுவாள், புகை பிடிப்பாள், வாசகர் வியப்பார். 1890களின் வன்னியில் ஏழைப் பெண் தனியாகத்தான் காட்டுக்குப் போனாள், குளத்துக்குப் போனாள், வயலுக்குப் போனாள். விறகு அவள் தலையில்தான் வந்தது. யானை நின்ற வழியையும் கரடி கிளறிய புற்றையும் பார்த்து, விலகி நடக்கத் தெரிந்திருந்தாள். வெளியே போனதற்காக அவளை யாரும் ஏசவில்லை, போகாவிட்டால்தான் ஏச்சு. கண்டதை வந்து சொல்வதற்குத்தான் தடை. பெரிய வீட்டு வளவுக்குள் என்ன கண்டாலும், என்ன கேட்டாலும், படலையைத் தாண்டியதும் மறந்துவிட வேண்டும். ஆகவே எங்கள் பெண்ணுக்குக் குதிரை வேண்டாம். ஊர்த் தலைமைக்காரரான உடையாருக்கு முன்னால் நின்று ஒரு முழு வசனம் பேசட்டும், அது போதும் ஊர் அதிர.

காலம் எது என்று கேட்டால், நான் 1896 என்பேன். காரணம் இருக்கிறது. வன்னியில் ஆட்சி அலுவலராக இருந்த ஜே. பி. லூயிஸ் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களைப் பற்றி எழுதிய கையேடு 1895இல் வெளிவந்தது. குளம், காடு, சனத்தொகை, சாதி, வழக்கம் என்று ஒரு நாவலாசிரியருக்கு வேண்டிய சாமான் முழுக்க அதில் கிடக்கிறது. வெள்ளைக்காரர் கண்ணால் பார்த்தது என்பதை மறக்காமல் எடுத்தால் சரி. அதே 1895இல்தான் இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டமும் வந்தது, அந்த ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். அடுத்த ஆண்டிலிருந்து நடைமுறை. எது சாட்சி, யார் சாட்சி சொல்லலாம், எதை நீதிமன்றம் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதையெல்லாம் வரிசையாக எழுதிவைத்த சட்டம் அது. ஒரு விஷயத்தை நிரூபிக்க இத்தனை சாட்சி வேண்டும் என்று கணக்கு எதுவும் இல்லை என்று அதன் 134ஆம் பிரிவு சொல்கிறது. நீதவான் நம்பினால் ஒருத்தி சொல் போதும். சட்டம் அப்படிச் சொல்ல, ஊர் வேறு மாதிரிச் சொல்கிறது. இந்த இடைவெளியில் ஒரு நாவல் நடக்க இடம் இல்லையா?

இன்னொன்றும் அதே ஆண்டில் நடந்தது. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று பலரும் சொல்லும் மோகனாங்கி 1895இல் வெளிவந்தது. எழுதியவர் திருகோணமலைக்காரர், சரவணமுத்துப்பிள்ளை. கதை எங்கே நடக்கிறது? நாயக்கர் காலத்துத் தமிழகத்தில். அன்று தொடங்கிய பழக்கம்தான் போலிருக்கிறது, நாங்கள் எழுதினாலும் எங்கள் ஊரில் நடக்காது. அதற்கு முந்தின ஆண்டு, 1894இல், சென்னையில் நடேச சாஸ்திரியின் துப்பறியும் கதை வந்துவிட்டது. வரலாற்று நாவலும் துப்பறியும் நாவலும் ஒரு வருட இடைவெளியில் தமிழுக்கு வந்தவை. இரண்டுக்கும் சம்பந்தம் பேசி முடித்தவர்கள் இன்றுவரை மிகச் சிலர்தான். பெண்கள் எழுதாததாலும் இல்லை. வை. மு. கோதைநாயகி நூற்றுக்கும் மேற்பட்ட நாவல் எழுதினார், துப்பறியும் கதையும் அவற்றில் உண்டு. அவர் காலத்து வாசகிகளின் பேத்திகள்தான் இன்று என் மேசைக்கு முன்னால் நிற்கிறார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1896இல் வன்னியில் ஒருவர் சந்தேகத்துக்கிடமாகச் செத்தால் என்ன நடக்கும்? ரெயில் வரவில்லை, அது 1905இல்தான் யாழ்ப்பாணம் வரை ஓடியது. முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் ஏறக்குறைய 50 கிலோமீற்றர், வண்டில் பாதை, மாரியில் அதுவும் சேறு. குக்கிராமத்தில் பொலிஸ் இல்லை. விதானைதான் பொலிஸ், அவருக்கு மேலே உடையார், அதற்கும் மேலே அதிகார். தலைமைக்காரர் முறை என்று சொல்லும் இந்த ஏற்பாடு 1963இல் கிராமசேவகர் வரும் வரை ஏதோ ஒரு வடிவில் நீடித்தது. விதானை ஊரில் செல்வாக்கான குடும்பத்து ஆள். செத்தவருக்கு ஒரு வழியில் சொந்தமாக இருப்பார், சந்தேகம் விழுகிறவருக்கு இரண்டு வழியில் சொந்தமாக இருப்பார். பிணம் வைகாசி வெயிலில் கிடக்கிறது. பெரிய வைத்தியர் வருவதற்குள் அது கிடக்காது. ஆகவே விதானை பார்க்கிறார், தலையாட்டுகிறார், நெருப்பு வைத்தாகிறது. எரிந்தபின் எந்த ஹோம்ஸ் வந்து என்ன செய்ய?

ஆனால் ஒருவருடைய கையில் சாட்சி எரியாமல் இருக்கிறது. ஊருக்குத் துணி வெளுக்கிற கட்டாடி வீட்டுப் பெண்ணின் கையில்.

உங்களில் பலர் இந்த இடத்தில் நெளிவீர்கள் என்று தெரியும். எங்கள் வரலாற்று நாவல்களில் எல்லோரும் ஒன்றாக இருப்பார்கள், அல்லது எல்லோரும் படைவீரராக இருப்பார்கள், சாதி என்ற சொல் வராது. தயவுசெய்து இதில் வரவிடுங்கள், வராவிட்டால் துப்பே துலங்காது. யோசித்துப் பாருங்கள். ஊரின் துணி முழுக்க அவள் கையால் போகிறது. பெண்பிள்ளை பெரியவளானால் மாற்றுத் துணி கொண்டுபோகிறவள் அவள். பிள்ளைப்பேற்றுத் துடக்குத் துணி அவளிடம் வருகிறது. கலியாண வீட்டுக்கு வெள்ளை கட்டுவதும், நடையில் நிலபாவாடை விரிப்பதும் அவளுடைய ஆட்கள். செத்த வீட்டிலும் அவர்கள் இல்லாமல் காரியம் நடக்காது. செத்தவர் படுத்த துணியும் அங்கேதான் போகும். எந்த வீட்டில் எந்த மாதம் துடக்கு வரவில்லை, எந்த வீட்டு வேட்டியில் யாருடைய வெற்றிலைக் கறை, எந்தச் சால்வை வீடு மாறி வந்திருக்கிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் மூலையில் ஒரு குறி. சேங்கொட்டைப் பாலால் போட்ட குறி வெள்ளாவியில் வைத்தாலும் போகாது. அந்தக் காலத்து வன்னியில் மாட்டுக் களவு வழக்குக்குக் குறைவில்லை. மாட்டில் சுட்ட குறியை வைத்து ஆண்கள் வழக்காடினார்கள். துணியில் போட்ட குறியை வாசிக்கத் தெரிந்தவளை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.

இவள் எல்லா வீட்டுக்கும் போவாள், ஆனால் எந்த வீட்டிலும் உட்கார மாட்டாள். இதைவிட நல்ல துப்பறிவாளர் உத்தியோகம் உங்களுக்குத் தோன்றினால் சொல்லுங்கள்.

குற்றத்தையும் நானே தந்துவிடுகிறேன், எழுதுகிறவர் எடுத்துக்கொள்ளலாம். வாந்திபேதிக் காலம். ஒரு பெரிய வளவில் ராச்சாப்பாடு சாப்பிட்ட இருவருக்கு வாந்தி, வயிற்றோட்டம். மூத்தவர் மூன்றாம் நாள் போய்விடுகிறார், தம்பி தப்பிவிடுகிறார். பேதிதான் என்று விதானை எழுதுகிறார், சனமும் பயத்தில் கிட்டப் போகவில்லை. ஒரு கிழமைக்கு மேல் கழித்து அந்த வீட்டு அழுக்கு மூட்டை குளக்கரைக்கு வருகிறது. தப்பின தம்பியின் தலையணைத் துணியை விரிக்கிறாள். துணி நிறைய மயிர். உதிர்ந்த ஒன்றிரண்டு இழை இல்லை, வேரோடு கழன்ற கொத்துக்கள். அடுத்த மூட்டையிலும் அப்படியே. பேதியில் பிழைத்த எத்தனையோ பேருடைய துணியை அவள் அந்த மாதத்தில் வெளுத்திருக்கிறாள், ஒருவருக்கும் இரண்டு வாரத்துக்குள் தலை இப்படி மொட்டையாகவில்லை.

கார்த்திகைக் கிழங்கின் குணம் அது. தின்றால் சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றோட்டமும் பிடிக்கும், பார்க்கிறவருக்கு வாந்திபேதிதான். உயிர் தப்பினவருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் மயிர் கொட்டும். வேலியோரத்தில், காட்டு விளிம்பில், மழை விழுந்ததும் தானாக ஏறுகிற கொடி. சமையற்கிழங்கு என்று தவறாக அவித்துத் தின்று செத்தவர்களும் உண்டு, ஆகவே கொலைகாரனுக்குத் தப்ப ஒரு வழியும் இருக்கிறது: கிழங்கு மாறிப்போச்சு என்று சமைத்தவள் தலையில் போடலாம். சமைத்தவள் யார், அவளுக்காகப் பேச ஆள் உண்டா, தம்பி தெரியாமல் தின்றாரா அல்லது சந்தேகம் வராமலிருக்கத் தெரிந்தே கொஞ்சம் தின்றாரா, இதெல்லாம் உங்கள் பாடு. ஒன்று மட்டும் கவனம். கார்த்திகைப் பூவுக்குப் பின்னாளில் எங்கள் மண்ணில் வேறு பொருள் ஏறியது. 1896இல் அது வெறும் கொடி. பூவைக் கண்டதும் கண் கலங்கி அத்தியாயம் எழுதத் தொடங்கிவிடாதீர்கள்.

காலத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளினாலும் வன்னியில் கதைக்குப் பஞ்சம் இல்லை. மன்னாரில் இறங்கி மாத்தளை வரை கோப்பித் தோட்டத்துக்கு நடந்த இந்தியத் தொழிலாளரில், 1840களில், வழியிலேயே நோயிலும் பசியிலும் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பாதை எங்கள் தெற்கு விளிம்பால்தான் போனது. பெயர் தெரியாத பிணங்களுக்கிடையே கொலையுண்ட ஒன்று கிடந்தால் யார் கண்டது? அப்புறம் முத்துக்குளிப்பு. சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிப் பக்கத்து வெறும் மணலில் சில கிழமைகளுக்கு ஒரு பட்டினமே எழும்பும். சுழியோடிகள், செட்டிகள், சுறாவை மந்திரத்தால் கட்டுவதாகச் சொல்லும் கடற்கட்டிகள், அழுகும் சிப்பி நாற்றம், முத்தை விழுங்கிவிட்டு நிற்கிறவர்கள், அந்தியில் ஏலம். 1905இல் பெருங்குளிப்பு நடந்தது. அடுத்த ஆண்டு ஒரு கம்பனிக்கு 20 வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள், சில வருடத்துக்குள்ளேயே சிப்பி படுத்துவிட்டது. கம்பனிக்காரர் முகத்தை எண்ணிப் பார்க்கவே எனக்குச் சிரிப்பு வரும். அங்கே அப்பம் சுட்டு விற்கிற ஒரு விதவை துப்பறிந்தாலும் எனக்குச் சம்மதம்தான். ஆனால் என் வாக்கு கட்டாடி வீட்டுப் பெண்ணுக்கே.

இனி சில வேண்டாம்கள்.

வெள்ளைக்காரரை எதிர்த்த வன்னி அரசன் பண்டாரவன்னியனைக் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடுங்கள். ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கற்சிலைமடுவில், 1803 ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிரிபேர்க் அவனைத் தோற்கடித்தான் என்று பொறித்து நட்ட கல்லில் தொடங்காத வன்னி நாவல் ஒன்று வரட்டும் என்று காத்திருக்கிறோம். அவன் வீரத்தில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. அவன் காலத்தில் குளத்து மடையைக் காத்தவனுக்கும் நெல்லுக் குத்தினவளுக்கும் என்ன நடந்தது என்று அறிய ஆசைப்படுகிறோம். வன்னியை ஆண்ட பெண்களான வன்னிச்சிகளையும் அப்படித்தான் கேட்கிறேன். 1780களில் ஒல்லாந்தரை எதிர்த்து நின்று, பிடிபட்டு, கொழும்புக் கோட்டையில் அடைக்கப்பட்ட ஒரு வன்னிச்சியை மரியா செம்பட்டே என்று ஆங்கில நூல்கள் எழுதி வைத்திருக்கின்றன. பெரிய கதை, யாராவது நன்றாக எழுதட்டும். ஆனால் பெண் என்றதும் அரசி, துணிவு என்றதும் வாள் என்று உங்கள் கை தானாகப் போகிறதே, அதைக் கொஞ்சம் பிடித்து வையுங்கள்.

கண்ணகியைத் துணைக்கு அழைப்பீர்கள், அதுவும் தெரியும். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகாத ஆள் இங்கே யார்? கடல் நீரில் விளக்கெரிக்கும் அம்மன். நானும் யோசித்திருக்கிறேன், அவள் செய்ததும் ஒரு வழக்குத்தானே. அரண்மனைச் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம் என்று பொருளைச் சபை நடுவே உடைத்துக் காட்டி நிரூபித்தாள். அதற்குமேல் ஒரு சாட்சியும் அவள் கூப்பிடவில்லை. ஆனால் நாங்கள் அவளைத் தெய்வமாக்கிவிட்டோம். தெய்வத்திடம் போய், எப்படி யோசித்தாய், எங்கே பயந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் நாயகி பயப்படட்டும். ஒரு தடவை பிழையான ஆளைச் சந்தேகிக்கட்டும். வீட்டில் புருஷனிடம் ஏச்சு வாங்கட்டும், அந்த ஏச்சில் நியாயமும் இருக்கட்டும். பெரிய வீட்டைப் பகைத்தால் அந்தப் போகத்து நெல்லு வராது, பிள்ளைகள் பசியில் கிடக்கும். துணிச்சலுக்கு என்ன விலை என்று நெல்லுக் கொத்துக் கணக்கில் காட்டுங்கள்.

சட்டத்தையும் சும்மா தொட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்த தேசவழமையில் சீதனம் பெண்ணின் சொத்து. ஆனால் அந்தக் காணியை விற்கப் புருஷனின் சம்மதம் வேண்டும். வடக்கில் இன்றைக்கும் அந்தக் கையெழுத்துக்காகப் பெண்கள் நொத்தாரிசு வாசலில் அலைகிறார்கள். எங்கள் பக்கத்து முக்கால்வாசிக் குடும்பத் தகராறின் வேர் காணிதான். கொலைக்குக் காரணம் காதல் என்று எழுதினால் என் வாசகிகள் நம்ப மாட்டார்கள். உறுதியில் இருக்கிற எல்லைக்கும் வேலியில் இருக்கிற எல்லைக்கும் ஒரு முழம் வித்தியாசம் என்று எழுதுங்கள், உடனே நம்புவார்கள்.

என் வாசகிகள் என்றேனே, அவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபதைத் தாண்டிய அம்மா. துப்பறியும் நாவல்தான் எடுப்பார். ஒரு நாள் பாதிப் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "தங்கச்சி, இவன்தான் செய்தவன். முதல்ல வெள்ளிக்கிழமை எண்டவன், இப்ப விசாரிக்கேக்க சனி எண்டுறான். நாள் மாத்திச் சொல்லுறவனைக் கனபேரைக் கண்டிட்டன்." அவர் சொன்னது சரி. கதாசிரியர் அந்தத் துப்பை அத்தனை நுணுக்கமாக ஒளித்து வைத்திருந்தார், எனக்குக் கடைசி அத்தியாயத்தில்தான் விளங்கியது.

அவருக்கு எப்படி விளங்கியது என்பதற்கு அவர் கையிலிருக்கும் பை பதில் சொல்லும். ஒரு புடவைக்கடைப் பை, உள்ளே பைல். 2009இல் காணாமல் போன மகனுக்காக அவர் ஏறின இறங்கின இடங்களில் தந்த துண்டுகள், போட்டோக்கொப்பிகள், மங்கின ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம். துண்டுகளைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் பென்சில் எழுத்து. அன்று கதிரையில் இருந்தவர் மெலிந்தவரா, கண்ணாடி போட்டவரா, என்ன சொன்னார், அடுத்ததாக எங்கே போகச் சொன்னார், அங்கே இருந்தவர் அதை எப்படி மறுத்தார். யாரும் அவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கின போராட்டத்தில் போய் உட்கார்ந்தவர்களில் இப்படிப் பை வைத்திருக்காத தாய் குறைவு. ஆண்பிள்ளைகள் போய்க் கேட்டால் ஆபத்து என்ற காலத்தில் முகாம் முகாமாகப் போய்க் கேட்டவர்கள் இந்தப் பெண்கள். பொம்பிளை ஒருத்தி இப்படித் தெருவிலே திரியலாமா என்று ஊரும் கேட்டது, பதில் சொல்ல அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை.

வழக்கத்தை மீறித் துப்பறியும் பெண் என்ற கதாபாத்திரத்தை எங்கிருந்தோ இறக்குமதி செய்ய வேண்டியதில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இவர்களை நேரே எழுதச் சொல்லவில்லை. அவர்கள் கதையை அவர்களே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அதற்குக் கற்பனை தேவையில்லை. ஆனால் 1896இல் குளக்கரையில் தலையணைத் துணியை விரித்துப் பார்க்கிற பெண்ணை எழுதும்போது, அவளுடைய பொறுமைக்கும் ஞாபகத்துக்கும் பிடிவாதத்துக்கும் மாதிரி வேண்டுமென்றால், ஒரு கிழமை வந்து எங்கள் பக்கத்துப் போட்டோக்கொப்பிக் கடையில் நில்லுங்கள். கொழும்புச் சுவடிக் கூடத்தில் அரசாங்க அதிபர்மாரின் நாட்குறிப்புகள் கிடைக்கும், அவற்றையும் பாருங்கள். அதில் கிடைக்காதது இங்கே கிடைக்கும்.

கடைசியாக ஒரு நிபந்தனை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இப்போது இலக்கியத் தரமான துப்பறியும் நாவல் என்றால் முடிவைத் திறந்தே விட வேண்டும் என்று ஒரு நாகரிகம் வந்திருக்கிறது. யார் செய்தது என்று தெரியாது, உண்மை என்று ஒன்று உண்டா என்ன, வாசகரே தீர்மானித்துக்கொள்ளட்டும். வேறு ஊரில் இது ஆழமாகத் தெரியலாம். இங்கே அப்படி ஒரு புத்தகத்தை அந்த அம்மாவிடம் எடுத்துக் கொடுக்க எனக்கு முகம் இல்லை. முடிவு தெரியாத கதை அவரிடம் ஏற்கனவே ஒன்று இருக்கிறது. உங்கள் நாவலில் யார் செய்தது என்று சொல்லுங்கள். பெயரைச் சொல்லுங்கள், எப்படிச் செய்தான் என்று சொல்லுங்கள், அவன் முகத்துக்கு நேரே அவள் சொல்லட்டும். நீதிமன்றம் அவனைத் தண்டிக்காமல் விட்டால் விடட்டும், அந்தக் காலத்தில் அப்படி நடந்திருக்கக் கூடியதுதான். ஆனால் வாசிக்கிறவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பதிப்பாளர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. அறுநூறு பக்கம், கெட்டி அட்டை என்று போட்டுவிடாதீர்கள். சென்னையில் அச்சான புத்தகம் கடல் கடந்து வரும்போது என்ன விலைக்கு விற்கிறது என்பது உங்களுக்கே தெரியும், எங்கள் நூலகத்து வருட ஒதுக்கீடு அதில் சிலவற்றோடு முடிந்துவிடும். முந்நூறு பக்கத்துக்குள், மெல்லிய அட்டையில், வயலுக்குக் கொண்டுபோகக் கூடிய புத்தகமாகப் போடுங்கள்.

எழுதத் தொடங்குகிறவர் கைப்பிரதியை அனுப்பினால் நாங்கள் வாசித்துத் திருத்தம் சொல்வோம். யாழ்ப்பாணப் பேச்சை வன்னிக்காரர் வாயில் வைத்திருந்தால் சொல்வோம், பாலைப்பழம் எந்த மாதம் பழுக்கும் என்று சொல்வோம், எந்தக் குளத்தின் அலைகரையில் துணி துவைக்கலாம், எதில் முதலை என்று சொல்வோம். கொலைகாரனை ஐம்பதாம் பக்கத்திலேயே அந்த அம்மா பிடித்துவிட்டால், அதையும் ஒளிக்காமல் எழுதி அனுப்புவோம். நீங்கள் இன்னொரு தடவை எழுத வேண்டி வரும்.

அன்புடன்,
முல்லைத்தீவு மாவட்டத்து நூலகப் பணியாளர் ஒருத்தி